கருக்கல் நேர வேட்டைக்கு ஸ்கோப் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், குவாசூலு-நேட்டாலின் வடக்குக் கடற்கரையில், டோங்காட்டிலிருந்து சற்று உள்ளே, கரும்பும் புதர்க்காடும் முட்டிக்கொள்ளும் இடத்தில் எங்கள் நிலம் இருக்கிறது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் நம் முன்னோரை டர்பனில் இறக்கிய காலத்திலிருந்து நம் ஆட்களில் பலருக்குக் கரும்புதான் பிழைப்பு. பொழுது சாய்ந்ததும் அந்தக் கரும்பைத் தேடிக் காட்டுப் பன்றி வரும். புதர் ஓரத்துக்கு இம்பபாலா வரும். புதர்மானுக்கு சூலு மொழியில் அதுதான் பெயர். இரண்டுமே நல்ல வெளிச்சத்தில் முகம் காட்டாது. ஆகவே இங்கே வேட்டை என்றாலே அந்திக் கருக்கல், இல்லாவிட்டால் விடியற்கருக்கல். சுடு களத்திலும் கல்யாண வீட்டிலும் ஆடி மாதக் கூழ் வரிசையிலும் ஸ்கோப்பைப் பற்றி, அதாவது ரைஃபிள்மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பற்றி, என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

முன் லென்ஸ் பெரிதாக இருந்தால் இருட்டில் வெளிச்சமாகத் தெரியுமா?

பாதி உண்மை. எந்த ஸ்கோப்பும் வெளிச்சத்தை உண்டாக்காது. உள்ளே வந்ததில் கொஞ்சத்தை இழந்துவிட்டு மீதியைக் கண்ணுக்குக் கொடுக்கும். கொடுப்பதைக் கண் வாங்கிக்கொள்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்கோப்பின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் ஒரு சின்ன வட்டமாக வெளியே வருகிறது. முன் லென்ஸின் மில்லிமீட்டர் அளவைப் பவரால் (உருவத்தை எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்ற எண்ணால்) வகுத்தால் அந்த வட்டத்தின் குறுக்களவு கிடைக்கும். ஸ்கோப்பின் பெயரில் முதல் எண் பவர், அடுத்தது லென்ஸ் அளவு. 6×42 என்றால் 7 மி.மீ. 8×56 என்றாலும் அதே 7 மி.மீ. நம்மில் பலரிடம் இருக்கும், பவர் 3 முதல் 9 வரை மாறும் 3-9×40 ஸ்கோப்பை 9-இல் வைத்தால் 4.4 மி.மீ.; 6-க்கு இறக்கினால் 6.7 மி.மீ. இப்போது 6-24×50 ஸ்கோப்பை 24-இல் வைத்துப் பாருங்கள்: 2.1 மி.மீ.தான்.

கருக்கலில் உங்கள் கண்மணி 6 மி.மீ. விரிந்திருக்கிறது என்று வையுங்கள். அதற்குள் 2.1 மி.மீ. வட்டம் விழுந்தால், பரப்பளவுக் கணக்கில் எட்டில் ஒரு பங்குதான் நிரம்புகிறது. வெறும் கண்ணுக்கு மான் தெரியும், ஸ்கோப்பில் கறுப்பாக ஒரு மொத்தை தெரியும். லென்ஸ் 50 மி.மீ. இருந்து என்ன பயன்? பவரை 8-க்கு இறக்கினால் அதே ஸ்கோப் 6.25 மி.மீ. கொடுக்கும். நான் பார்த்த புகார்களில் பாதி, பவரை இறக்க மறந்ததால் வந்தவை.

அந்த ஒளி வட்டத்தை நேரில் பார்க்க முடியுமா?

பார்க்கலாம், ஒருமுறை கட்டாயம் பாருங்கள். ரைஃபிளில் மாட்டாத ஸ்கோப்பைப் பகலில் எடுத்து, முன் லென்ஸை வானத்தின் பக்கம் திருப்பி, பின் லென்ஸை ஒரு கை நீளத் தூரத்தில் பிடியுங்கள். சூரியன் இருக்கும் திசைக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் திருப்ப வேண்டாம். பின் லென்ஸின் நடுவில், கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு மிதப்பதுபோல் தெரியும். பவர் வளையத்தை மெல்லத் திருப்பினால் 3-இல் பட்டாணி அளவுக்கு மேல் இருந்த பொட்டு 9-இல் மிளகு அளவுக்குச் சுருங்குவது தெரியும். என் தங்கை மகனுக்கு எண்களை எழுதிக் காட்டி அரை மணி நேரம் விளக்கியும் புரியவில்லை; இதைக் காட்டியதும் அவனாகவே “அப்போ அந்தி நேரத்தில் பவரைக் குறைக்கணும், மாமா” என்றான்.

எனக்கு வயது ஐம்பத்தைந்து. 56 மி.மீ. லென்ஸ் வாங்குவது வீண் என்கிறார்களே?

இளம் வயதில் கண்மணி இருட்டில் 7 மி.மீ. வரை விரியும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் 5 மி.மீ. பக்கம்தான். ஆளுக்கு ஆள் மாறும், ஆனாலும் போக்கு இதுதான். 5 மி.மீ. கண்ணுக்கு 7 மி.மீ. வட்டம் கொடுத்தால் ஓரம் வீணாகிறது. ஆக, 8 பவரில் பார்ப்பதற்கு உங்களுக்கு 42 மி.மீ. லென்ஸே போதும், 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25.

ஆனால் அந்தப் பேச்சில் ஒரு விஷயம் விடுபடுகிறது. வட்டம் கண்மணியைவிடப் பெரிதாக இருந்தால், கன்னம் கொஞ்சம் நகர்ந்தாலும் படம் கறுத்துப்போகாது. மரக்கிளைமேல் கோணலாக உட்கார்ந்து சுடுபவனுக்கு அது பெரிய உபகாரம். அப்புறம், 56 மி.மீ. லென்ஸ் இருந்தால் பவரை 10 வரை ஏற்றியும் உங்கள் கண்ணுக்கு வேண்டிய வெளிச்சம் கிடைக்கும். ஆகவே வீண் என்று சொல்ல மாட்டேன். எடையைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தாக்கில் நடப்பவருக்கு 42. பரணில் உட்கார்ந்து காத்திருப்பவருக்கு 50 அல்லது 56.

அப்படியானால் பவர் குறைவாக இருப்பதுதான் நல்லதா?

இல்லை. 2 பவரில் படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் மான் எறும்பு அளவில் தெரியும். கொம்பு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க முடியாது. மங்கல் வெளிச்சத்தில் நுணுக்கம் தெரிய, வெளிச்சமும் வேண்டும், உருவமும் பெரிதாக வேண்டும். அதைக் கணக்கில் சொல்லத்தான் விளம்பரத் தாள்களில் ‘ட்வைலைட் ஃபேக்டர்’ என்று ஓர் எண் போடுகிறார்கள். லென்ஸ் அளவையும் பவரையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது: 6×42-க்கு 15.9, 8×56-க்கு 21.2.

அந்த எண்ணை வைத்து மட்டும் வாங்காதீர்கள். அதில் கண்ணாடியின் தரம் அடங்காது. மட்டமான கண்ணாடிக்கும் அருமையான கண்ணாடிக்கும் ஒரே எண்தான் வரும். நம்முடைய 24×50-க்கு அது 34.6 என்று வந்து நிற்கும், அதே ஸ்கோப் கருக்கலில் எதற்கும் உதவாது. என் அனுபவத்தில் நம் பக்கத்துப் புதருக்கு 6 முதல் 8 பவர்தான் கடைசி இருபது நிமிடத்துக்கு உகந்தது.

‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’ என்று எழுதியிருக்கிறது. அது எவ்வளவு முக்கியம்?

மிக முக்கியம். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அடித்துவிடும். ஸ்கோப்புக்குள் பத்துப் பரப்புகள் இருந்தால் கடைசியில் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். திரும்பிய வெளிச்சம் சும்மா போவதுமில்லை. உள்ளேயே சிதறி, படத்தின் மேல் பால் ஊற்றினாற்போல் வெளிறலாகப் படியும். 1935-இல் ஜெர்மனியின் ட்ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகூலா கண்ணாடிமேல் மெல்லிய பூச்சு ஏற்றி இதைத் தடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இன்றைய பல அடுக்குப் பூச்சில் ஒரு பரப்பின் இழப்பு அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

‘கோட்டட்’ என்றால் ஏதோ ஒரு பரப்பில் பூச்சு. ‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’ என்றால் காற்றைத் தொடும் எல்லாப் பரப்பிலும் பல அடுக்கு. இதற்குக் குறைந்ததைக் கருக்கல் வேட்டைக்கு வாங்க வேண்டாம். ஆனால் ஒரு ஸ்கோப் 92 சதவீதம், இன்னொன்று 95 சதவீதம் என்று எழுதியிருந்தால் அந்த மூன்று சதவீதத்துக்காகக் காசைக் கொட்டாதீர்கள். கண்ணுக்கு அது தெரியாது. சிதறலை எப்படி அடக்கியிருக்கிறார்கள் என்பதுதான் தெரியும், அதைப் பெட்டியில் எழுத மாட்டார்கள்.

ஸ்கோப்புக்குள் குறிபார்க்கும் குறுக்குக் கோடு எப்படி இருக்க வேண்டும்?

இதைத்தான் வாங்குபவர்கள் கடைசியாக யோசிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கறுத்த மிருகத்தின் மேல் கறுத்த மயிர்க்கோடு தெரியாவிட்டால் சுட முடியாது.

ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ‘நம்பர் 4’ கோட்டைப் பாருங்கள். இடது, வலது, கீழ் என்று மூன்று பக்கமும் தடித்த கட்டைகள். நடுவில் மட்டும் மெல்லிய சிலுவை. இருட்டி, நடுச்சிலுவை மறைந்த பிறகும் மூன்று கட்டைகளும் தெரியும். அவை சுட்டிக்காட்டும் வெற்றிடத்தின் நடுவில் மானின் தோளை வைத்தால் போதும். 60 மீட்டரில் அந்த அளவு துல்லியம் தாராளம்.

இன்று எல்லாரும் கேட்கும் மரக்கிளை மாதிரிக் கோடுகள், எண்கள், புள்ளிகள் நிறைந்தவை தூரச் சுடுதலுக்கானவை. பவரை மாற்றும் ஸ்கோப்பில் கோடு முன் குவியத்தளத்தில் (பவர் மாற்றும் லென்ஸ்களுக்கு முன்னால்) இருந்தால், பவரோடு சேர்ந்து கோடும் பெரிதாகும், சிறிதாகும். 24-இல் தெளிவாக இருந்த மரக்கிளை 5-இல் சிலந்தி நூலாகிவிடும். அந்தி நேரத்தில் அதைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பின் குவியத்தளத்தில் இருந்தால் எந்தப் பவரிலும் கோட்டின் தடிமன் மாறாது. புதர் வேட்டைக்குப் பின் குவியத்தளமும் தடித்த கோடும் இருந்தால் கவலை இல்லை. முன் குவியத்தளம்தான் கிடைத்தது என்றால் நம்பர் 4 மாதிரித் தடித்த கட்டை உள்ளதாகப் பாருங்கள்.

நடுவில் சிவப்புப் புள்ளி எரியும் ஸ்கோப் வாங்கலாமா?

வாங்கலாம், நல்லதும்கூட. ஒரே ஒரு நிபந்தனை: மிகக் குறைந்த அளவில் அது எவ்வளவு மங்கலாக எரிகிறது என்று பாருங்கள். விலை குறைந்த பல ஸ்கோப்புகளில் முதல் அளவே கண்ணைக் கூசவைக்கும். இருட்டில் அந்தப் பளிச்சிடல் மிருகத்தை மூடிவிடும், பழகிய கண்ணையும் கெடுக்கும். கடையிலேயே இரண்டு கையாலும் முன் லென்ஸைப் பொத்திக்கொண்டு முதல் அளவைப் போட்டுப் பாருங்கள். புள்ளி எரிகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மங்கலாக இருந்தால் அதுதான் சரி. மாற்று பேட்டரி ஒன்றைத் துப்பாக்கிப் பையில் ஒட்டி வையுங்கள், பெரும்பாலும் சிஆர்2032தான். பேட்டரி செத்தாலும் கறுப்புக் கோடு தெரிய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

30 மி.மீ. குழாய் அதிக வெளிச்சம் தருமா?

தராது. ஒரு அங்குலக் குழாயைவிட உறுதி கூடும், கோட்டை நகர்த்தும் இடம் கூடும். அவ்வளவுதான்.

கடையில் எல்லாமே பளிச்சென்று தெரிகிறதே, எப்படித் தேர்ந்தெடுப்பது?

பகல் பன்னிரண்டு மணிக்குக் குழல் விளக்கின் கீழ் எந்த ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் வாங்கித்தான் நான் ஏமாந்தேன். டர்பனில் ஒரு கடையில் 6-24×50 ஒன்றைப் பெரிய விலை கொடுத்து எடுத்து வந்தேன். விற்றவர் எதிர்க் கட்டடத்தின் கடிகாரத்தைக் காட்டினார், முள் துல்லியமாகத் தெரிந்தது. மயங்கிவிட்டேன்.

இப்போது நான் செய்வது இது. கடை மூடும் நேரத்துக்குப் போய், ரைஃபிள் இல்லாமல், இரண்டு மூன்று ஸ்கோப்புகளை வெளியே எடுத்து வரச் சொல்லுவேன். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். எல்லாவற்றையும் ஒரே பவரில் வைப்பேன். இது தவறினால் ஒப்பீடே செல்லாது. சுவரிலோ வண்டியின் கூரையிலோ ஊன்றி, நிழலில் நிற்கும் ஒரு வண்டியின் எண் பலகையைப் பார்ப்பேன். பொழுது இறங்க இறங்க, எந்த ஸ்கோப்பில் எண் கடைசியாக மறைகிறது? பிறகு வானத்துக்கு எதிரே நிற்கும் ஒரு மரக்கிளை. ஓரத்தில் ஊதா, பச்சை விளிம்பு கட்டினால் கண்ணாடி சுமார். கடைசியாகத் தெருவிளக்கு. விளக்கு படத்துக்குள் வராமல், விளிம்புக்குச் சற்று வெளியே இருக்கும்படி பிடித்தால், மட்டமான ஸ்கோப் முழுக்க வெளிறிப்போகும். அந்தியில் மேற்குப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் உங்களுக்கு நடக்கப்போவதும் அதுதான்.

சூரியன் மறைந்த பின் எவ்வளவு நேரம் கிடைக்கும்?

டர்பன் பக்கம் ஜூன் கடைசியில் சூரியன் மாலை 5 மணி தாண்டியதும் மறைகிறது. டிசம்பரில் 7 மணி வாக்கில். மறைந்த பின் ஏறத்தாழ 25 நிமிடம் வரை நல்ல ஸ்கோப்பில் தோள் எது, தொடை எது என்று பிரித்துப் பார்க்கலாம். திறந்த வெளிக்கு இது சரி. புதருக்குள் பத்து நிமிடம் கழித்துக்கொள்ளுங்கள். மேகம் இருந்தால் இன்னும் கழியுங்கள்.

நம் கண்ணும் அதற்குத் தயாராக வேண்டும். இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். இடையில் ஒரு தடவை கைபேசியைத் திறந்தாலே மறுபடி முதலிலிருந்து. வாட்ஸ்அப்பில் மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் சூரியன் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கருக்கலில் நிறம் மாறித் தெரிகிறதே, ஏன்?

வெளிச்சம் குறையக் குறைய, நிறம் பார்க்கும் செல்கள் ஓய்ந்து, இருட்டுக்கான செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவை நீலப்பச்சைக்குத்தான் கூர்மை. சிவப்பு அவற்றுக்குக் கறுப்பு. இம்பபாலாவில் பெண் செம்பழுப்பு, வளர்ந்த ஆண் கருப்பழுப்பு. பகலில் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்தியில் பெண்ணும் கறுப்பாகத் தெரியும். “கறுப்பாக இருக்கிறது, ஆண்தான்” என்று முடிவு கட்டினால் போச்சு. பெண்ணுக்குக் கொம்பு கிடையாது. ஆகவே கொம்பைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. கொம்பு தெரியாத வெளிச்சம் என்றால் அன்றைய வேட்டை முடிந்தது.

ஸ்கோப் இருக்கும்போது பைனாகுலர் எதற்கு?

இதற்கு நடந்ததைச் சொல்கிறேன். அந்த 24 பவர் ஸ்கோப் வாங்கிய முதல் குளிர்காலம். கரும்பு வெட்டி எரித்த ஒரு துண்டு நிலத்தின் மேட்டில் நானும் மச்சானும் உட்கார்ந்திருந்தோம். கீழே ஓடை ஓரத்தில், பன்றி வழக்கமாக வரும் தடத்தில், தாழ்வாக ஓர் உருவம் நகர்ந்தது. நான் ரைஃபிளைத் தூக்கினேன். ஸ்கோப்பில் கறுத்த முதுகு. குனிந்து மண்ணைக் கிளறுவதுபோல் அசைவு. பாதுகாப்புப் பூட்டின் மேல் கட்டைவிரல் இருந்தது. மச்சான் கழுத்தில் பழைய 7×50 பைனாகுலர். அவன் ஒன்றும் பேசவில்லை. ரைஃபிளின் குழல்மேல் கையை வைத்துக் கீழே அழுத்தினான்.

பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு கோகோ. சூலு மக்கள் பாட்டியை அப்படித்தான் அழைப்பார்கள். சாம்பல் நிறப் போர்வையை முதுகில் கட்டியிருந்தார். நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சுள்ளிக்கட்டைத் தலையில் ஏற்றி, வந்த வழியே நடந்து போனார். எங்களைப் பார்க்கவேயில்லை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஸ்கோப்பைக் கழற்றினேன்.

ஸ்கோப்பால் தேடுவது என்றால், இன்னதென்று தெரியாத ஒன்றின் மேல் குண்டேற்றிய ரைஃபிளை நீட்டுவது. அதைச் செய்யக் கூடாது. 7×50 பைனாகுலர் 7.1 மி.மீ. வட்டம் கொடுக்கும், இரண்டு கண்ணாலும் பார்க்கலாம். இரண்டு கண்ணால் பார்க்கும்போது மங்கலிலும் உருவம் பிரிந்து தெரியும். காசை இரண்டுக்கும் பங்கு போட்டால், ஸ்கோப்பில் கொஞ்சம் குறைத்தாவது நல்ல பைனாகுலர் வாங்குங்கள் என்பேன். பன்றி என்று தெரிந்த பிறகும் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் கரும்புக்குள் எப்போதும் வெட்டுக்காரர்களின் பாதை ஒன்று இருக்கும்.

காட்டுப் பன்றிக்கு முழு இருட்டில் காத்திருக்கிறோம். தெர்மல் ஸ்கோப் வாங்கிவிடலாமா?

முதலில் அனுமதி. நம் மாகாணத்தில் இரவில் விளக்கடித்தோ இரவுக் கருவி வைத்தோ வேட்டையாடக் கட்டுப்பாடுகள் உண்டு. எசெம்வெலோ வனவுயிர் அலுவலகத்தில் விசாரித்து, எழுத்தில் வாங்கிக்கொண்டு, நில உரிமையாளரின் சம்மதத்தையும் எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ரைஃபிளுக்கு 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தகுதிச் சான்றும் உரிமமும் வேண்டும். சாதாரண ஸ்கோப்புக்குத் தனி உரிமம் தேவையில்லை.

தெர்மல் கருவி உடல் சூட்டைக் காட்டும். எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அதைப்போல ஒன்றில்லை. ஆனால் ‘என்ன’ என்பதில் தடுமாறும்: புல்லுக்குள் படுத்த கன்றும் பன்றியும் வெள்ளைத் திட்டுகளாகவே தெரியும். தாய்ப் பன்றியின் காலடியில் குட்டிகள் புல்லில் மறைந்திருந்தால் தெரியாமலே போகலாம். நான் பார்த்தவரையில் நல்ல ஏற்பாடு, கையில் வைத்துப் பார்க்கும் தெர்மல் ஒன்று, ரைஃபிளில் 8×56 கண்ணாடி ஸ்கோப் ஒன்று. புளித்த சோளம் வைத்த இடத்திலிருந்து 40, 50 மீட்டரில் பரண் கட்டியிருந்தால், பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் அந்த ஸ்கோப்பே போதும். பன்றியின் முதுகுப் பிடரி வெளுத்த மயிராக இருப்பதால் நிலா வெளிச்சத்தில் அது தனியாகத் தெரியும்.

ரைஃபிளில் மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

56 மி.மீ. லென்ஸ் என்றால் ஸ்கோப்பை ரைஃபிளில் பிடித்து வைக்க உயரமான வளையம் தேவைப்படும். உயர்ந்தால் கன்னம் ரைஃபிளின் மரக்கட்டையில் பதியாது, தலை அந்தரத்தில் நிற்கும். கருக்கலில் அது பெரிய தொல்லை. படம் கறுத்துக் கறுத்து வரும். லென்ஸ் குழலில் இடிக்காத அளவுக்கு எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துங்கள். போதாவிட்டால் கட்டைமேல் கன்னப்பட்டை ஒன்று கட்டலாம்.

கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் 9 செ.மீ. பக்கம் இடைவெளி வேண்டும். .375 மாதிரி உதைக்கும் ரைஃபிளில் இதில் அசட்டை செய்தவர்களின் புருவத்தில் பிறைத் தழும்பு இருக்கும். கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் ஏற்றி, பிறகு திறந்து பாருங்கள். படம் உடனே முழுதாகத் தெரியும் இடத்தில் ஸ்கோப்பை நிறுத்தி முடுக்குங்கள். வளைய ஆணிக்குப் பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் சொல்லுவார்கள், கையேட்டைப் பாருங்கள். பலத்தைக் காட்டினால் குழாய் நசுங்கும்.

எத்தனை மீட்டருக்கு ஜீரோ செய்வது?

ஜீரோ என்றால், கோடு காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பின் குமிழைத் திருப்பிச் சரிசெய்வது. 100 மீட்டர் போதும். எம்ஓஏ, மில் இரண்டும் கோண அளவுகள்: கால் எம்ஓஏ ஸ்கோப்பில் குமிழின் ஒரு கிளிக் அந்தத் தூரத்தில் 7 மி.மீ. நகர்த்தும், 0.1 மில் என்றால் 10 மி.மீ. .308 ரைஃபிளை 100-க்கு ஜீரோ செய்தால் 40 மீட்டரில் குண்டு 1 செ.மீ. போலத்தான் கீழே படும். பன்றியின் தோளுக்கு அது கணக்கே இல்லை.

கடலோர ஈரத்தில் ஸ்கோப் உள்ளே பூஞ்சை கட்டுகிறது. என்ன செய்வது?

நம் கரையின் தீராத நோய் இது. உள்ளே நைட்ரஜனோ ஆர்கனோ அடைத்து மூடிய ஸ்கோப்புக்குள் பனி படியாது. ரப்பர் வளையம் பழசாகிக் கசிந்தால் ஈரக்காற்று நுழையும், பூஞ்சை வரும். டார்ச்சை முன் லென்ஸில் சாய்வாக அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். வேர் மாதிரியோ சிலந்தி வலை மாதிரியோ தெரிந்தால் பூஞ்சைதான். அது பூச்சையே அரித்துவிடும், பின்பு துடைத்தாலும் தழும்பு போகாது. நுரை வைத்த துப்பாக்கிப் பெட்டிக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் முக்கியக் காரணம். நுரை ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். இரும்பு அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு நிற்க வைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது, வேட்டையும் கிடையாது. அந்த மாதத்தில்தான் எல்லா ஸ்கோப்பையும் வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பார்த்து, வளைய ஆணிகளைச் சரிபார்ப்பேன். மழைக்காலம் தொடங்கும் நேரமும் அதுவே என்பதால் பொருத்தமாக அமைந்துவிடுகிறது. துடைக்கும்போது முதலில் ஊதுங்கள், பிறகு மெல்லிய தூரிகை, கடைசியில்தான் துணி. சட்டை முனையால் துடைத்தால் மண் துகள் பூச்சைக் கீறிவிடும்.

சரி, எதை வாங்கச் சொல்கிறீர்கள்?

காசு ஒரு பிரச்சினை இல்லை என்றால் ட்ஸைஸ், ஸ்வரோவ்ஸ்கி, ஷ்மிட் அண்ட் பெண்டர் மூன்றில் எதிலும் 56 மி.மீ. லென்ஸ், ஒளிரும் நம்பர் 4 கோடு உள்ளதை எடுங்கள், மகனுக்கும் உதவும். நடுத்தரக் காசுக்குச் செக் நாட்டின் மெயோப்டாவைப் பாருங்கள், கண்ணாடி அருமை. நம் நாட்டு நிறுவனமான லின்க்ஸும் பார்க்கத்தக்கது. பழுதானால் உள்ளூரிலேயே கொடுக்கலாம்.

கையில் குறைவாக இருந்தால் புதிய 4-16, 6-24 எதையும் தொடாதீர்கள். அதே காசுக்கு நல்ல பெயருள்ள பழைய 6×42 ஒன்று, பவர் மாறாதது, கைமாறி வரும். பவர் மாற்றும் பகுதி இல்லாததால் உள்ளே லென்ஸ் குறைவு, இழப்பு குறைவு, கெடுவதற்கும் குறைவு. 24 பவரைக் கழற்றிய பிறகு நான் மாட்டியது அதைத்தான். இன்றும் அதுதான் இருக்கிறது.

தாத்தாவின் பழைய 4×32 ஸ்கோப் இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். 32-ஐ 4-ஆல் வகுத்தால் 8 மி.மீ.; எந்தக் கண்ணுக்கும் நிறைவான வட்டம். அந்தக் காலத்துப் பூச்சு இன்றையதுபோல் இருக்காது, மேற்குப் பக்கம் பார்த்தால் வெளிறும். கிழக்குப் பார்த்து உட்காருங்கள். டார்ச் அடித்துப் பூஞ்சை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சுடு களத்தில் ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். கூட்டமாக விழுந்தால் கோடு நிலையாக இருக்கிறது என்று பொருள். பிறகு அதை வைத்து 60 மீட்டருக்குள், கொம்பு தெரியும் வெளிச்சத்தில் மட்டும் சுடுங்கள்.